முப்பது சதவீதம்

சாரல் விட்டிருக்கிறது. ஆரியங்காவுக் கணவாயிலிருந்து காற்று மட்டும்.

ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பேனா. எழுத்து மெல்ல வருகிறது. வரட்டும்.

ஈரக்காற்று பட்டதும் இல்லாத பெருவிரலின் நுனி குடைகிறது. தழும்பைத் தடவுகிறேன். வழவழப்பு. குடைச்சல் அதற்கும் அப்பால் எங்கோ.

மேசையில் முதலாளி கொடுத்தனுப்பிய முத்திரைத்தாள். 2 லட்சம். கையெழுத்தானால் மறுநாளே பணம். இனி எதுவும் கேட்பதில்லை என்று கடைசி வரி.

மகளின் கல்லூரிக் கட்டணம் இந்த மாதம்.

விபத்து நடந்தபோது நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் கணக்கை வேறு விதமாகப் போடுகிறது. கூலி எவ்வளவானாலும் மாதம் 15,000 வரைதான் எடுத்துக்கொள்ளும். அதில் 60 சதவீதம், 9,000. நாற்பது வயதுக்கு உரிய எண் 184.17. பெருக்கினால் 16,57,530. பெருவிரலுக்கு அதில் 30 சதவீதம். 4,97,259 ரூபாய்.

மற்ற விரல்களில் மூன்று போனாலும் அதே 30. கை முழுவதும் போனால் 60. யாரோ உட்கார்ந்து, ஒரு கையை இப்படிப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். மரம் தூக்கியவர்களாக இருக்காது. பெருவிரல் இல்லாத கையில் தேக்குச் சட்டம் நிற்பதில்லை. நழுவுகிறது.

மூச்சு உள்ளே வருகிறது. மரத்தூள் வாசம் இன்னும் சட்டையில்.

மில்லில் ஆறு பேர். இ.எஸ்.ஐ. கிடையாது. ரம்பத்துக்கு மூடியும் கிடையாது. அந்த நினைப்பு வருகிறது. கொஞ்சம் நிற்கிறது. போகிறது.

ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் முதலாளி கொடுத்தார். அது சட்டப்படி அவர் கொடுக்க வேண்டியது. அன்று விடியும்வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அது சட்டத்தில் இல்லை.

இரண்டும் நெஞ்சில் இருக்கின்றன. ஒன்றை ஒன்று தள்ளவில்லை.

உரிமையை விட்டுத் தருவதாக எழுதினால், அந்த எழுத்து செல்லாது. பேசி முடித்த தொகையை இழப்பீட்டு ஆணையரிடம் பதிய வேண்டும். குறைவென்று கண்டால் அவர் பதிய மறுக்கலாம். பணம் வர ஒரு மாதத்துக்கு மேலானால் 12 சதவீத வட்டி உண்டு. காகிதம் நம் பக்கம் இருக்கிறது.

ஆணையரைப் பார்க்கத் திருநெல்வேலி போய்வர ஒரு நாள் கூலி. பிறகு வாய்தா. வாய்தாவுக்கு மேல் வாய்தா.

கொல்லம் ரயில் கூவிக்கொண்டு மலைக்குள் போகிறது. அது ஓயும்வரை ஒன்றும் யோசிக்கவில்லை.

மனுப் போட விபத்து நாளிலிருந்து இரண்டு வருடம். புரட்டாசியில் முடிகிறது. இது ஆடி. வெள்ளிக்கிழமை வருவதாக முதலாளி சொல்லியனுப்பியிருக்கிறார்.