கருணைக்கு ஒரு முகவரி

வடலூரில் 1867ஆம் ஆண்டு மே 23 அன்று சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய வள்ளலார், இரக்கம் என்பது மனம்போனபடி வருவதல்ல, உறவினால் வருவது என்று வாதிட்டவர். எல்லா உயிர்களும் ஒரே இறைவனால் ஆனவை, ஆகவே சகோதரர்கள். ஓர் உயிர் துன்பப்படுவதை இன்னோர் உயிர் காணும்போது அந்தச் சகோதர உரிமையே உருக்கமாக எழுகிறது என்பது அவர் ஜீவகாருண்யத்துக்குச் சொன்ன அடிப்படை. உயிர்களை வருத்தும் துன்பங்களாகப் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என ஏழினைக் குறிப்பிட்டார். வழிதவறிய வளர்ப்பு நாயிடம் இவற்றில் பெரும்பாலானவற்றைப் பார்க்கலாம்; எல்லாவற்றுக்கும் முன்னே நிற்பது பயம். அதற்கு ஒரு கை சோறு வைத்துவிட்டால் கருணை நிறைவேறிவிடுமா, வீடு சேர்க்கும்வரை கடமை தொடருமா என்பதே இங்கே கேள்வி. தொடரும் என்றுதான் நான் நினைக்கிறேன். அந்தக் கடமை நாயைக் கண்டெடுத்தவரிடம் தொடங்குவதில்லை. வளர்த்தவரிடம், அது தொலைவதற்கு முன்பே தொடங்குகிறது.

வடலூர் இருக்கும் அதே மாவட்டத்தில், கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி இருக்கிறது செம்மங்குப்பம். ரயில் பாதை, ஓயாத நெடுஞ்சாலை, ஆலைகளுக்குப் போய்வரும் லாரிகள் என்று ஒரு நாய்க்கு ஆபத்தான எல்லாமே அங்கே பக்கத்தில் இருக்கின்றன. இந்தக் கரையோரத்துக்கு 2004இல் சுனாமி வந்தது, 2011 டிசம்பர் 30இல் தானே புயல் வந்தது, 2015இல் பெருவெள்ளம் வந்தது. நாய் வழிதவற அவ்வளவு பெரிய இடர்கூட வேண்டாம், தீபாவளி வெடிச் சத்தமே போதும். மிரண்டு ஓடும் நாய் திசை பார்த்து ஓடுவதில்லை. போகிற தெருவில் அந்தத் தெருவின் நாய்கள் விரட்டும். அங்கிருந்து அடுத்த ஊர் எல்லை. பிடிக்க நெருங்கும் மனிதரைக் கண்டால் இன்னும் தூரம். களைத்து ஏதோ ஒரு திண்ணையோரம் ஒடுங்கும்போது, பழைய சோறோ பிஸ்கட்டோ போட நம் ஊர்களில் யாராவது இருப்பார்கள். யார் வீட்டு நாய் என்று கேட்டால்தான் பதில் இருக்காது. கருணை இருந்தும் செயல்பட வழியில்லாத நிலை இது. இரக்கத்துக்கு நெஞ்சு மட்டும் போதாது, அறிவும் வேண்டும். கழுத்து பெல்ட்டில் தொங்கும் ஒரு டாலரில் பொறித்த தொலைபேசி எண் அந்த அறிவைக் கொடுத்துவிடுகிறது. முன்பின் தெரியாத ஒருவரின் நல்ல மனத்தை நம்பி, அவருக்கு வளர்ப்பவர் முன்கூட்டியே செய்துவைக்கும் உதவி அது.

வள்ளலாரையே எடுத்துக்காட்டி இதை மறுக்க முடியும். பசியையும் கொலையையும் நீக்குவதையே அவர் பரஜீவகாருண்யம் என்றார். மற்ற துன்பங்களை நீக்குவதை அபரஜீவகாருண்யம் என்று அடுத்த படியில் வைத்தார். மனிதரே பசித்திருக்கும் நாட்டில் நாயின் பயத்துக்கு இவ்வளவு கவலையா என்று அதன் வழியே கேட்கலாம். கனமான கேள்விதான். ஆனால் அந்த ஏழு துன்பங்களும் தனித்தனி அறைகளில் இருப்பவை அல்ல. மனிதர் கையால் உண்டு பழகிய நாய் தெருவில் இரை தேடத் தெரியாமல் பட்டினி கிடக்கும். பயம் அதைத் தண்டவாளத்துக்கும் சாலைக்கும் துரத்தும். பயத்தில் தொடங்குவது பசியிலும் சாவிலும் முடிகிறது. மேலும், யாருடைய சோற்றிலும் கைவைத்து இந்த டாலரை வாங்க வேண்டியதில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுக்குள் முடிகிற காரியம்.

இதைவிட ஆழமான மறுப்பு ஒன்று உண்டு. உயிர்கள் சகோதரர்கள் என்றால், ஒன்றின் கழுத்தில் இன்னொன்றின் பெயரையும் எண்ணையும் மாட்டுவது அதை உடைமையாக்குவது ஆகாதா? மாட்டுக்குச் சூடு போட்டு உரிமை கொண்டாடியதுபோல் இதுவும்தானே? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சூடு, விலங்கு யாருக்குச் சொந்தம் என்றது. டாலரில் உள்ள எண், அந்த விலங்குக்காக யார் பதில் சொல்ல வேண்டும் என்கிறது. அது மனிதர் தன்மேல் எழுதிக்கொள்ளும் கடன்பத்திரம். விலங்குக்குப் பெயர் பதிப்பது அதைத் தாழ்த்துவதும் அல்ல. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து, அதாவது 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. தொறுப்பூசலில், அதாவது கால்நடை கவரும் சண்டையில், இறந்த வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும், கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். தனக்கென ஒரு பெயரும் ஓர் இடமும் உள்ள உயிராக அதை மதித்ததால்தான் அந்தக் கல் நின்றது.

அப்படியானால் எண் எழுத ஆளில்லாத தெருநாய்கள்? அவற்றுக்கும் வீடு உண்டு, அது தெரு. கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்வதில் அந்த ஒப்புதல் இருக்கிறது. வளர்ப்பு நாய்க்கு அடையாளம் இடுவது அவற்றைப் புறக்கணிப்பதும் அல்ல. வீட்டு நாய் வீடு திரும்பினால் தெருவில் பசியோடு அலைவது ஒன்று குறையும்.

தோளெலும்புகளுக்கு நடுவே தோலடியில் செலுத்தும் மைக்ரோசிப் டாலரைவிட மேல் என்பார்கள். அரிசிமணி அளவுள்ள அதில் 15 இலக்க எண் இருக்கிறது. பெல்ட்டைப் போலக் கழன்று விழாது. ஆனால் அதற்குள் பேட்டரி இல்லை, நாய் எங்கே இருக்கிறது என்று அது சொல்லாது. படிக்கத் தனிக் கருவி வேண்டும். செம்மங்குப்பத்தில் நாயைக் கண்டெடுப்பவர் கையில் அந்தக் கருவி இராது, செல்போன் இருக்கும். ஆகவே சிப் போட்டாலும் டாலரை விடக் கூடாது. அமெரிக்காவில் 53 காப்பகங்களின் பதிவுகளைக் கொண்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வில், வழிதவறி வந்த நாய்களில் மொத்தத்தில் ஏறத்தாழ 22 சதவீதமே உரியவரிடம் திரும்பின. சிப் இருந்தவற்றில் 52 சதவீதம் திரும்பின. சிப் போடும் அக்கறை உள்ளவர்கள் தேடுவதிலும் அக்கறை காட்டியிருப்பார்கள். வித்தியாசம் முழுவதையும் சிப்பின் கணக்கில் எழுத முடியாது. அதே ஆய்வு சொல்லும் இன்னொரு செய்திதான் என்னை அதிகம் உறுத்துகிறது. சிப் இருந்தும் உரியவரைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு முதல் காரணம், பதிவில் இருந்த தொலைபேசி எண் தவறாகவோ செயலிழந்தோ இருந்தது. எண்ணை மாற்றும்போது வங்கிக்குச் சொல்கிறோம், கேஸ் ஏஜென்சிக்குச் சொல்கிறோம். சொல்லாவிட்டால் அவர்களே கேட்பார்கள். நாய் கேட்காது. அதன் டாலரிலும் சிப் பதிவிலும் எண்ணை மாற்றுவது வளர்ப்பவர் நினைவில் மட்டுமே நிற்கும் வேலை.