காணாத பொருளின் இருப்பு

காண்பார் இல்லாதபோதும் பொருள்கள் உள்ளனவா என்னும் வினா, நம் தத்துவ சாஸ்திரங்களிலே பல நூற்றாண்டுகளாக வழக்காடப்பட்டு வந்த வினாவாகும். அறிவுக்குப் புறம்பாக உலகம் என ஒன்று இல்லை என்று யோகாசார பௌத்தர் சாதித்தனர். அத்வைதிகளுள்ளும் பிரகாசானந்தர் முதலிய ஒரு சாரார், காண்டலே படைத்தல் என்னும் திருஷ்டி சிருஷ்டி வாதத்தை மேற்கொண்டனர். 13 ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியரோ, சிவஞான சித்தியாரின் பரபக்கத்திலே யோகாசாரரையும் மாயாவாதியரையும் நிறுத்தி மறுத்து, உலகம் மாயை என்னும் உள்பொருளின் காரியம், அது காண்பான் ஒருவனை எதிர்பார்த்து நிற்பதன்று என்னும் சைவ சித்தாந்த நிலையை நாட்டினார். இந்தப் பழைய வழக்கு இன்று கொழும்பு இளைஞர் ஆடும் கணினி விளையாட்டுக்களின் செற்றிங்ஸ் பட்டியலிலே புதிய உருவத்தோடு வந்து நிற்கிறதென்பது என் துணிபு.

வெள்ளவத்தையிலே, காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றின் அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் என் மருமகன், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கணினியிலே சைபர்பங்க் 2077 என்னும் விளையாட்டை ஆடுகையில், நான் அருகிருந்து பார்ப்பதுண்டு. மழை ஓய்ந்த இரவு. தெருவிலே தேங்கிய நீர். கடைகளின் மேலே வண்ண விளக்குப் பலகைகள். ஒளிக்கதிரின் வழியைக் கணித்துக் காட்டும் றே ட்ரேசிங் நிறுத்தப்பட்டிருக்கும்போதும் அந்த நீரிலே பலகையின் பிம்பம் அழகாகவே தெரிகிறது. ஆயின் நோக்கைச் சற்றே நிலத்தின்பால் தாழ்த்த, பலகை திரையின் மேல் விளிம்பைக் கடந்து மறைந்ததும், நீரிலிருந்த பிம்பமும் கரைந்து போய்விடுகிறது. “ஸ்கிரீனில நிக்கிறதை மட்டுந்தான் மாமா தண்ணியில காட்டும். றே ட்ரேசிங்கைப் போட்டால் சரியா வரும், ஆனால் கேம் இழுக்கும்” என்றான்.

அவன் கூறியது முழுதும் உண்மை. வழக்கமான முறையிலே கணினி, காண்பான் முன்னே வீழும் பொருள்களை மட்டும் வரைந்து, மற்றவற்றை வரையாது விட்டுவிடுகிறது. நீருக்கு வேண்டிய பிம்பத்தையும் முன்னமே வரைந்து முடித்த திரையிலிருந்தே எடுத்து ஒட்டுகிறது. திரைக்கு அப்பாலுள்ள பலகை நினைவகத்திலே தரவாகக் கிடக்கலாம். ஒளியின் வழக்கிலே அது இல்லாத பொருளே. பிரகாசானந்தர் கூறிய உலகம் இதுவே. றே ட்ரேசிங் முறையிலோ, கண்ணின் இடத்திலிருந்து புறப்படும் கதிர் நீரிலே பட்டு, மீண்டு, திரைக்கு வெளியேயுள்ள பலகையைச் சென்று முட்ட வேண்டியிருத்தலால், அந்தப் பலகையும், அதன் பின்னுள்ள சுவரும், காண்பானின் முதுகுப்புறத்துத் தெருவும், ஒளி சென்று தொடத்தக்க உருவத்தோடு இடையறாது நிலைநிறுத்தப்பட வேண்டும். பிற்பக்கத்து உலகம் இல்லாமல் ஒரு சிறு நீர்க்குட்டையின் பிம்பத்தைக்கூட மெய்யாகக் காட்ட இயலாது.

இதற்குக் கொடுக்கும் விலை சிறிதன்று. 1980 இல் டேர்னர் விட்டட் இந்த முறையை விரித்து வெளியிட்டபோது ஒரு படத்தைக் கணிக்க ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்டது. இன்றைய விளையாட்டிலோ, செக்கனுக்கு 60 ஃபிரேம் வேண்டுமாயின், 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் கொண்ட முழுத்திரையையும் 16.7 மில்லிசெக்கனுக்குள் கணித்தாக வேண்டும். 2018 இல் என்விடியா நிறுவனம் கதிர்களைக் கணிப்பதற்கென்றே தனி உறுப்புப் பொருந்திய கார்ட்டுகளை வெளியிட்ட பின்னரே இது வீடுகளுக்கு வந்தது. வந்த பின்னும், றே ட்ரேசிங்கைப் போட்டதும் ஃபிரேம் எண்ணிக்கை பாதியளவுக்கு விழுந்துவிடும் விளையாட்டுக்கள் பல உள. ஐந்தொழில்களுள் சிருஷ்டியை வியந்து போற்றும் நாம், ஸ்திதியை எளியதொன்றாக எண்ணிக் கடந்து போகிறோம். படைத்த பொருளை, எவரும் நோக்காத வேளையிலும் விடாது தாங்கி நிற்றல் எத்துணைப் பெரிய தொழில் என்பதை, அந்த இயந்திரம் வெப்பத்தால் இரைந்துகொண்டு எனக்கு உணர்த்தியது. நாம் வாழும் உலகமே ஒரு கணினி விளையாட்டாக இருக்கக்கூடுமென்று, நிக் போஸ்ட்ரம் 2003 இல் எழுதிய கட்டுரையைத் துணைக்கொண்டு வாதிக்கும் இளைஞர், விளையாட்டு காண்பவனுக்காக மட்டும் தோன்றுவதுபோல உலகமும் தோன்றுகிறதென்பர். விளையாட்டு மெய்ம்மையை நெருங்க நெருங்கக் காணாதவற்றையும் மேன்மேலும் தாங்க வேண்டியதாகிறதென்பதை அவர்கள் கருதுவாராக.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். கதிர் கண்ணிலிருந்தன்றோ புறப்படுகிறது, ஆகவே காண்பானே முதல் ஆகானோ என்பர். கண் தேஜஸால் ஆயது, அதன் கதிர் புறத்தே சென்று பொருளைத் தொடுவதே காட்சி என்று நியாய நூலார் கொண்டதும், 11 ஆம் நூற்றாண்டில் இப்னு அல்ஹைதம் ஒளியே பொருளிலிருந்து கண்ணை வந்தடைகிறதென்று நிறுவியதும் அறிந்தவையே. கணினி பழைய வழியிலே கதிரைத் திருப்பி விடுவது சிக்கனம் கருதி. விளக்கிலிருந்து புறப்படும் கதிர்களுள் மிகப் பெரும்பாலானவை கண்ணை அடைவதே இல்லை. ஆனால் கண்ணிலிருந்து சென்ற கதிர், எத்தனை சுவர்களைத் தொட்டுத் திரும்பினாலும், ஈற்றில் ஓர் ஒளிமூலத்தைச் சென்றடையாவிடின் அதன் பயன் சூனியமே. அந்தப் புள்ளி இருளாகவே முடிகிறது. கண் வினவுகிறது, விடை ஒளியினிடத்தில் இருக்கிறது.

1856 இல் பொன்னம்பல முதலியார் அமைத்து, பின்னர் அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் புதுக்கிய, கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலின் மண்டபத்திலே நின்று பார்ப்பவர்க்கு இது இனிது விளங்கும். வாயில் வழியே புகும் பகலொளி கல் தளத்திலே பட்டு எழுந்து, மேற்கூரைக் கற்களின் அடிப்பக்கத்தை மெல்லத் துலக்குகிறது. எந்த விளக்கும் நேரே நோக்காத தூணின் மறுபுறமும் கல்லுக்குக் கல் கைமாறிய ஒளியாலேயே நமக்குப் புலனாகிறது. காட்டுவாரின்றிக் காணும் ஆற்றல் மட்டும் காட்சியைத் தராதென்பதே சிவஞான போதத்தின் 11 ஆம் சூத்திரத்திலும் அடங்கிய கருத்து: கண்ணுக்கு ஆன்மா காட்டித் தானும் உடன் காண்பதுபோல, ஆன்மாவுக்கு இறைவன் காட்டும் உபகாரத்தையும் காணும் உபகாரத்தையும் செய்கிறான். இயந்திரத்திலே ஒளி காட்டுகிறது. ஆனால் உடனிருந்து காண்பதில்லை. உவமை அந்த எல்லையிலே நின்றுவிடுகிறது.

என்னை உண்மையிலே கலங்கச் செய்வது வேறொன்று. ஒரு புள்ளிக்குச் சில கதிர்களே செலுத்தப்பட்டு, எஞ்சிய இடம் ஊகத்தால் நிரப்பப்படுகிறது. 2025 இல் வந்த, என்விடியாவின் டி.எல்.எஸ்.எஸ். 4 என்னும் ஊகமுறையிலோ, கணித்த ஒரு ஃபிரேமுக்கு மூன்று ஃபிரேம்கள் வரை ஊகித்தே இடையிற் செருகப்படலாம். அனுமானத்தைப் பிரத்தியக்ஷத்தின் ஆசனத்திலே இருத்துவது நியாய நூலார் ஒருபோதும் பொறுக்காத பிழை. ஆதலின் ஃபிரேம் போதாதபோது நிழலின் நுட்பத்தையும் திரையின் புள்ளியளவையும் குறைத்துவிட்டு, பிரதிபலிப்புக்குரிய றே ட்ரேசிங்கை வைத்துக்கொள்ளும்படி மருமகனிடம் சொன்னேன். தெருவிலே உலாவும்போது அவன் அப்படியே செய்கிறான். சண்டை வந்ததும் நிறுத்திவிடுகிறான். அதையும் நான் குறை கூற மாட்டேன்: கையின் அசைவுக்குப் பிந்தி வரும் காட்சி, பொருளைச் சரியாகக் காட்டினும் காலத்தைப் பொய்யாகக் காட்டுகிறது, ஊகித்துச் செருகிய ஃபிரேம்கள் அந்தத் தாமதத்தைக் குறைப்பதுமில்லை.