650-ஆம் கட்டத்தில் என்ன எழுதுவது?

நூலகப் பட்டியலில் ஒரு புத்தகத்தைப் பற்றி இரண்டு விதமாக எழுதுகிறோம். தலைப்புப் பக்கத்தில் அச்சாகியிருப்பதை எழுத்துப் பிசகாமல் எடுத்தெழுதுவது ஒன்று. புத்தகம் எதைப் பற்றியது என்று நாமே முடிவுசெய்து ஒரு சொல்லை அதன் மேல் ஒட்டுவது இன்னொன்று. முதலாவது 245-ஆம் கட்டத்துக்குப் போகும், இரண்டாவது 650-க்கு. ‘மார்க்’ என்கிற பதிவு முறையில் உலகம் முழுக்க இதே எண்கள்தான். ராயப்பேட்டையில் ஒரு சின்ன நூலகத்தில் வாரத்துக்கு மூன்று நாள் உட்கார்ந்து நான் நிரப்புவதும் இதே கட்டங்களைத்தான்.

நிரப்புவது என்று சொல்வது கொஞ்சம் மிகை. பெரும்பாலும் இறக்குவதுதான். கோஹா மென்பொருளில் ஐஎஸ்பிஎன்னைத் தட்டினால் யாரோ எங்கோ எழுதிய ரெக்கார்டு வந்து விழும். அதில் நம்ம நூலக எண்ணைச் சேர்த்து சேமித்தால் முடிந்தது. ஒரே புத்தகத்தை நூறு நூலகர்கள் நூறு தடவை விவரிக்க வேண்டாமே என்ற நல்ல யோசனையில் பிறந்த ஏற்பாடு இது. 1971-ல் அமெரிக்காவின் ஒஹாயோவில் கல்லூரி நூலகங்கள் சேர்ந்து தொடங்கியது இன்றைக்கு வேர்ல்ட்கேட்டாக நிற்கிறது. இங்கே டெல்நெட் இருக்கிறது, பல்கலைக்கழகங்களுக்கு இன்ஃப்ளிப்நெட் நடத்தும் இண்ட்கேட் இருக்கிறது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதை 1931-லேயே தன் ஐந்து விதிகளில் ஒன்றாக வைத்த நம் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ்.ஆர். ரங்கநாதன் பார்த்திருந்தால் மனசு குளிர்ந்திருப்பார்.

சிக்கல் என்னவென்றால், அந்த நூறு பேரில் ஒருவர்தான் யோசிக்கிறார். மற்றவர்கள் இறக்குகிறார்கள். ஒருவர் ஒரு மதிய வேளையில் எடுத்த முடிவு நூறு இடத்தில் உட்கார்ந்ததும் அது யாருடைய முடிவும் இல்லை என்று ஆகிவிடுகிறது. “சிஸ்டத்துல அப்படித்தாங்க இருக்கு” என்போம்.

அயோத்திதாசரின் எழுத்துகள் கொண்ட ஒரு தொகுப்புக்கு எங்களுக்கு இறங்கிய ரெக்கார்டில் 650-ஆம் கட்டம் ஒரே ஒரு முறைதான் நிரப்பப்பட்டிருந்தது. அதில் இருந்தது ஒரே சொல்: தலித்துகள்.

தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் இதே ராயப்பேட்டையில் இருந்து 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழைத் தொடங்கியவர் அவர். (ஒரு வருடம் கழித்து இதழின் பெயர் ‘தமிழன்’ என்று சுருங்கியது. பட்டியல் விதிப்படி பெயர் அப்படி மாறினால் அது வேறு இதழ், வேறு ரெக்கார்டு. படித்தவர்களுக்கு என்னவோ அதே பேப்பர்தான்.) அவர் சித்த மருத்துவர். 1898-ல் ஆல்காட்டின் உதவியோடு இலங்கை போய் பௌத்தம் தழுவித் திரும்பி, சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். புத்தரின் வரலாற்றை எழுதினார், திருக்குறளுக்கு உரை எழுதினார். எங்கள் தேடுபெட்டியில் ‘பௌத்தம் – தமிழ்நாடு’ என்று தட்டுகிற மாணவருக்கு இவர் வரமாட்டார். சித்த மருத்துவத்திலும் வரமாட்டார், திருக்குறள் உரைகளிலும் வரமாட்டார். வாழ்நாள் முழுக்க இன்னொரு வாசல் வழியாக வரலாற்றுக்குள் நுழையப் பார்த்த ஒரு மனிதரை, எந்தத் தெருவில் இருந்து வந்தவர் என்று கேட்டு அந்த ஒரே அலமாரிக்கு அனுப்பிவிடுகிறது அந்தக் கட்டம். அனுப்பும் சொல் மரியாதையான சொல்லாகவே இருந்தாலும் நடப்பது அதுதான்.

அவருடைய சொந்தப் பெயருக்கு வருவோம். இயற்பெயர் காத்தவராயன். தன் ஆசிரியரின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டுதான் அயோத்திதாசர் ஆனார். ஆங்கிலத்தில் அவர் பெயரை ‘ஐ’யில் தொடங்கி எழுதுகிறவர்கள் உண்டு, ‘ஏ’யில் தொடங்கி எழுதுகிறவர்களும் உண்டு. விட்டால் கணினி அவரை மூன்று ஆளாக்கிவிடும். அதைத் தடுக்கத்தான் பெயர்க் கோப்பு என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறோம். அங்கே விதி தெளிவு: ஒருவர் தன் நூல்களில் தன்னை எந்தப் பெயரால் முன்வைத்தாரோ, எந்தப் பெயரால் அறியப்பட்டாரோ அதை எடு. பெற்றோர் வைத்தது முக்கியமில்லை, அரசாங்கப் பதிவும் முக்கியமில்லை. காத்தவராயன் என்று தேடுகிறவரை ‘அயோத்திதாசர், 1845–1914’ என்பதற்குத் திருப்பிவிட்டால் போதும். இந்த விதியில் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஒரு மனிதன் தன்னை என்னவென்று அழைத்துக்கொண்டான் என்று அது முதலில் கேட்கிறது என்பதுதான்.

ஒரு கூட்டத்தின் பெயர் என்று வந்தால் விதி மாறிவிடுகிறது. அங்கே ‘லிட்டரரி வாரண்ட்’ என்ற கொள்கை வைத்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தைப் பற்றி எழுதப்பட்ட நூல்களில் என்ன சொல் புழங்குகிறதோ அதுவே தலைப்பு. 1911-ல் லண்டன் காப்புரிமை அலுவலக நூலகர் ஒருவர் கொடுத்த பெயர் இது. யாரைப் பற்றி அதிகம் பேர் எழுதினார்களோ அவர்களுக்கு, எழுதினவர்கள் வைத்த பெயர். தனி மனிதனுக்கு அவன் சொல், மக்களுக்கு மற்றவர்கள் சொல். இந்த இரட்டை நியாயத்தைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அதே 1911-ல் இங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதுவும் ஒரு பட்டியல்தானே. வீட்டுக்கு வரும் கணக்கெடுப்பாளரிடம் தங்களை என்ன பெயரில் பதியச் சொல்ல வேண்டும் என்று தமிழனில் விடாமல் எழுதினார் அயோத்திதாசர். சாதிபேதமற்ற திராவிடர் என்றார், பூர்வ பௌத்தர் என்றார். பிறர் வைத்த சாதிப் பெயரைச் சுமக்க மறுத்தார். கட்டத்தில் என்ன விழுகிறதோ அதுதான் நாளைக்கு உண்மையாக நிற்கும் என்பது எந்த நூலகவியல் வகுப்புக்கும் போகாத அவருக்குத் தெரிந்திருந்தது.

அப்படியானால் மக்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரை எழுதிவிட்டுப் போகலாமே? போகலாம்தான். எந்த மக்கள், எப்போது வைத்த பெயர்? அயோத்திதாசரின் மைத்துனர் இரட்டைமலை சீனிவாசன். 1893-ல் அவர் தொடங்கிய இதழின் பெயர் ‘பறையன்’. இழிவென்று எறியப்பட்ட சொல்லையே தலைப்பில் போட்டு நிமிர்ந்து நின்றார். ஒரே குடும்பத்துக்குள் ஒருவர் அந்தப் பெயரை உதறினார், இன்னொருவர் அதையே கொடியாகப் பிடித்தார். 1922-ல் எம்.சி. ராஜா போன்றோரின் முயற்சியால் சென்னை மாகாண அரசு ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயரை ஏற்றது. அப்புறம் காந்தி ஒரு பெயர் சொன்னார், 1935-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொன்னது. ‘தலித்’ பரவலானது அதற்கும் பின்னால். 650-ஆம் கட்டத்தில் என்ன தட்டினாலும் இவர்களில் யாரோ ஒருவர் எழுந்து ஆட்சேபிப்பார்.

அமெரிக்காவிலும் இந்த வழக்கு நடந்திருக்கிறது. சான்ஃபோர்ட் பெர்மன் என்ற நூலகர் லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் பொருள் தலைப்புகளில் உள்ள பாரபட்சங்களைத் தொகுத்து 1971-ல் ஒரு புத்தகமே போட்டார். ‘இல்லீகல் ஏலியன்ஸ்’ என்ற தலைப்பை எடுக்கச் சொல்லி டார்ட்மவுத் கல்லூரி மாணவர்கள் கேட்டார்கள். 2016-ல் சரி என்றது நூலகம். உடனே நாடாளுமன்ற உறுப்பினர்கள் குறுக்கே வந்தார்கள். கடைசியில் 2021-ல்தான் மாறியது. ‘அன்டச்சபிள்ஸ்’ என்று தேடினாலும் இன்றைக்கு ‘தலித்ஸ்’ என்பதற்குத்தான் அங்கே போகச் சொல்கிறார்கள். அந்த மாற்றம் நடந்த நாளில் எந்த மூலையில் இருந்த நூலகமும் கூடுதலாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மேலே மாற்றினார்கள், கீழே மாறியது. கூட்டு அமைப்பின் ஆபத்தும் அதன் பலமும் ஒரே குழாயில்தான் வருகின்றன.

என் சீனியர் ஒருவருக்கு இதெல்லாம் வேலையற்ற வேலை. “ஏம்மா, வாசகருக்குப் புத்தகம் கிடைக்கணும். எல்லாரும் தேடுற சொல்லைப் போடு. நீ கேட்டலாகரா, நீதிபதியா?” என்பார். அவர் பேச்சில் பாதி நியாயம் இருக்கிறது. யாரும் தட்டாத சொல்லைத் தலைப்பாக வைத்தால் புத்தகத்தை நானே புதைத்தவள் ஆவேன். ஆனால் எல்லாரும் தேடுகிற சொல் எங்கிருந்து வந்தது? நாம் பல வருஷமாகக் காட்டியதைத்தானே அவர்களும் தட்டுகிறார்கள்.

245-ல் கை வைக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சீனிவாசனின் இதழ் ‘பறையன்’ என்றே நிற்க வேண்டும். அதை மென்மையாக்கினால் அவருடைய தைரியத்தை நாம் திருடுகிறோம். 650-ல் ஒரு சொல்லோடு நிறுத்தவும் கூடாது. அந்தக் கட்டத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப எழுதலாம், விதி தடுக்கவில்லை, சோம்பல்தான் தடுக்கிறது. அயோத்திதாசரின் ரெக்கார்டில் பௌத்தம், சித்த மருத்துவம், திருக்குறள் உரைகள், தமிழ் இதழியல் என்று நான்கு சேர்த்தேன். ‘தலித்துகள்’ இருக்கிறது. தூக்கவில்லை, தூக்கினால் இன்னொரு வாசகர் வழி தவறுவார்.

எங்கள் கூட்டமைப்பில் எங்களைப் போன்ற சின்ன நூலகத்துக்கு இறக்கத்தான் உரிமை. திருத்தத்தை மேலே ஏற்ற முடியாது. படிவம் ஒன்று இருக்கிறது, அனுப்பியிருக்கிறேன். அது வரைக்கும் எங்கள் தேடுபெட்டியில் ‘பௌத்தம்’ என்று தட்டினால் அவர் வருவார். அடுத்த தெருவில் உள்ள கல்லூரியில் தட்டினால் வரமாட்டார்.