ஒரே பெயர், இரு கணக்கு



மஹாபாரதத்தில் அச்வத்தாமா என்ற பெயர் துரோணரின் புதல்வனுக்கும் உண்டு. மாளவ மன்னன் இந்திரவர்மனின் யானைக்கும் உண்டு. பீமன் யானையைக் கொன்றபின், அச்வத்தாமா மாண்டதாக யுதிஷ்டிரர் துரோணரிடம் கூறி, யானை என்பதைக் காதில் விழாதபடி முணுமுணுத்தார். பெயரளவில் அது மெய்யே. ஆயினும், நிலத்துக்கு 4 விரற்கடை மேலாகவே ஓடிய அவர் தேர் அன்று தரையில் படிந்தது.

ஸ்ரீபாகவதம் 6ஆம் ஸ்கந்தத்தில் அஜாமிளன் தன் 10 புதல்வருள் இளையவனுக்கு நாராயணன் என்று பெயரிட்டிருந்தான். யமதூதர்களைக் கண்ட அச்சத்தில் அம்மகனையே அழைத்தான், எம்பெருமானை அன்று. ஆயினும் விஷ்ணுதூதர்கள் வந்து அவனை விடுவித்தனர்.

அங்கே பெயர் மெய்யாயிருந்தும் கருத்துக் குற்றமாயிற்று. இங்கே கருத்து வேறாயிருந்தும் பெயர் காத்தது. இரண்டும் எவ்வாறு பொருந்தும்?

அடியேன் வங்கிப் பணியிலிருந்தபோது, அரங்கன் திருநாமமுடைய இருவர் எங்கள் கிளையில் கணக்கு வைத்திருந்தனர். ஒருவர் செலுத்திய தொகையை மற்றவர் கணக்கில் வரவு வைத்துவிட்டேன். பணம் செலுத்திய முதியவர் வந்து கேட்டபோது பிழை எனக்குப் புரிந்துவிட்டது. ஆயினும், "தங்கள் பெயரில்தான் வரவு வைத்திருக்கிறேன்" என்றேன். சொல்லில் பொய்யில்லை. தாமே சீட்டில் ஏதோ தவறாக எழுதியிருக்கக்கூடும் என்று அவர் என்னிடம் வருத்தம் தெரிவித்துச் சென்றார். அன்று மாலையே கணக்கைத் திருத்தினேன். அவரிடம் உண்மையைக் கூறவில்லை.

துரோணர் கேட்டது மகனைப் பற்றி. பெற்றது யானையின் செய்தி. கேட்பவர் எந்தப் பொருளில் நம்பிக் கேட்கிறாரோ, அப்பொருளில் மெய் சொல்வதே நாம் அவருக்குப் பட்ட கடன். அஜாமிளனோ எவரையும் ஏமாற்றவில்லை. கேட்டவன், ஜீவனைக் கைக்கொள்ள ஒரு வ்யாஜம் தேடி நிற்கும் எம்பெருமான். நாம் அறியாமல் செய்ததையும் அவன் நற்செயலாகக் கணக்கிடுவதை ஸ்ரீவசனபூஷணத்தில் பிள்ளை லோகாசார்யர் காட்டியருளினார். பிள்ளைகளுக்கு அவன் திருநாமத்தையே இடுமாறு பெரியாழ்வார் ஒரு திருமொழி முழுவதும் வற்புறுத்தியதும் இக்கிருபையை நம்பியே.

பெயரை மட்டும் கண்டு வரவு வைப்பது அவனுக்குத் தகும். அச்சலுகையை அடியேன் எனக்கு நானே எடுத்துக்கொண்டேன். அம்முதியவரிடம் இனிச் சொல்ல இயலாது. ஆகவே இங்கே சொன்னேன்.

அடியேன்.