சொல் யாருடையது?

மொழி ஒரு மேற்கட்டுமானம், வர்க்கத்துக்கு வர்க்கம் மொழி வேறு என்று சோவியத் அறிஞர் நிக்கொலாய் மார் கொண்ட கொள்கையை, 1950 இல் ‘பிராவ்தா’வில் ஸ்டாலின் மறுத்தார், மொழி சமுதாயம் முழுமைக்கும் பொது என்றார். மறுப்புச் சரியே. ஆயின், மொழி பொதுவானால் பொருளும் பொதுவாகிவிடுமா?

1929 இல் லெனின்கிராட்டில் வெளிவந்த தம் நூலில் வொலோஷினோவ் இதற்கு முன்னரே விடை கண்டிருந்தார். பல வர்க்கங்களும் ஒரே மொழியை வழங்குவதனாலேயே ஒவ்வொரு சொல்லும் அவற்றின் போர்க்களமாகின்றது என்பது அவர் கருத்து.

‘கூலி’ என்னும் நம் சொல்லையே நோக்குவோம். உழைத்தவன் வாயில் அது அவனுக்குச் சேரவேண்டிய ஊதியம். இலங்கைத் தேயிலைத் தோட்டத் துரைமார் வாயிலோ அது ஊதியத்தை விட்டு ஆளைக் குறித்தது, மனிதனுக்கே பெயராயிற்று. ஒலி மாறவில்லை. மாறியது உறவு.

வகுப்பறையில் நாம் பொருள் இரண்டையும் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குச் சென்றுவிடுகின்றோம். எப்பொருள் யார் வாயிற் பிறந்தது என்று எம் மாணவர் கேட்டதில்லை, நாமும் சொன்னதில்லை.