தலையெழுத்தும் தண்டவாளமும்

மாதிரி ரயில் எஞ்சினை அனலொக் முறையிலிருந்து டிஜிட்டலுக்கு மாற்றுவது ஒரு சின்ன அறுவை வேலை. பழைய முறையில் தண்டவாளத்தில் வரும் மின்னழுத்தமே வேகம். பொதுவாக அதிகபட்சம் 12 வோல்ட். அதைக் கூட்டினால் அந்தப் பாதையில் நிற்கும் எஞ்சின்கள் எல்லாம் சேர்ந்து ஓடும். நிறுத்தினால் எல்லாம் சேர்ந்து நிற்கும். டிஜிட்டலில் முழு மின்சாரமும் எப்போதும் தண்டவாளத்தில் இருக்கும். அது மோட்டாருக்கு நேராகப் போகும் வழியை வெட்டி, நடுவே டிகோடர் என்ற சிறு சில்லைப் பொருத்துவார்கள். மின்சாரத்தோடு கலந்துவரும் கட்டளைகளில் தன் எண்ணுக்குரியதை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். எவ்வளவு மெல்லக் கிளம்புவது, எவ்வளவு உருண்டு நிற்பது என்பதெல்லாம் அதன் நினைவில் எண்களாக எழுதப்பட்டிருக்கும். அதனால் ஒரே பாதையில், ஒரே மின்சாரத்தில் இரண்டு எஞ்சின்கள் வெவ்வேறு விதமாக நடக்கும்.

இறைவனின் அருள் எல்லா உயிர்க்கும் ஒன்றென்றால் வாழ்வு மட்டும் ஏன் ஒன்றாயில்லை என்பது சைவ சித்தாந்தம் எதிர்கொண்ட பழைய கேள்வி. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் வகுத்த அந்த மரபு சூரியனையும் தாமரையையும் காட்டும். வெயில் ஒன்றுதான், ஒரு பூ மலர்கிறது, ஒன்று மொட்டாகவே நிற்கிறது, ஒன்று வாடுகிறது. வேற்றுமை வெயிலில் இல்லை, அவரவர் வினையில். டிகோடர் பொருத்திய எஞ்சின் இதற்கு இன்னும் நெருக்கமான உவமை. அதற்குள் எழுதியிருப்பதைத் தலையெழுத்து என்றே சொல்லிவிடலாம். ஆனால் அனலொக் எஞ்சினுக்குத் தலையெழுத்து கிடையாது. பாதையில் மின்சாரம் நின்றால் அதுவும் நிற்கும், அவ்வளவுதான். ஆகவே நின்றுபோன எஞ்சினைப் பார்த்ததும் தலையெழுத்து என்று சொல்வது அவசரம். அது எந்த வகையான நிற்றல் என்று முதலில் கேட்க வேண்டும்.

இலங்கை மலையகத்தில், தலவாக்கலையைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்களில் இந்த அவசரம் தலைமுறைகளாக நடந்துவருகிறது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வாழ்க்கைக்கு அங்கே காலங்காலமாகச் சொல்லப்படும் காரணம் தலையெழுத்து. ஆனால் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் எவருடைய வினையையும் விசாரிக்கவில்லை. தகப்பனோ, அல்லது பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்குத் தாள் கேட்டது. தாள் இல்லாத, இந்திய வம்சாவளியினரான லட்சக்கணக்கானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரின் கணக்கைப் பிறகு பார்ப்பதாக விட்டார்கள். தலவாக்கலை வழியாக 1885இல் நானுஓயாவை எட்டிய மலை ரயில் பாதையில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து இராமேஸ்வரம் இறங்கியவர்கள் அந்தக் கணக்கில் வந்தவர்கள். தலைக்குத் தலை எழுதிய எழுத்து இப்படி முழுத்தொகையாக வராது. இது பாதையில் மின்சாரத்தை நிறுத்திய வேலை.

சித்தாந்தி ஒருவர் இதை மறுக்கலாம். தனு (உடல்), கரணம் (மனம் முதலிய கருவிகள்), போகம் (நுகர்பொருள்) போலப் புவனமும் (உலகம்) வினைக்கேற்பவே அமைகிறது. அந்தப் பாதையில் பிறந்ததே வினைப்பயன் என்பார். வலுவான மறுப்புதான். ஆனால் அது ஓர் உயிர் ஏன் இங்கே பிறந்தது என்பதற்கு மட்டுமே பதில். இங்கே ஒருவர் இன்னொருவருக்குச் செய்தது என்ன கணக்கில் சேரும் என்பதற்கு அதே சித்தாந்தம் வேறு பதில் வைத்திருக்கிறது. இப்போது செய்வது ஆகாமியம், செய்தவரின் புதுவினை. அனுபவித்தவரின் பழைய வினையைக் காட்டிச் செய்தவரின் புதுவினையை மறைக்க அதில் இடமில்லை. தவிர, 2003இல் இன்னொரு சட்டம் வந்து மிஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை கொடுத்தது. அத்தனை பேரின் வினையும் ஒரே நாளில் தீர்ந்ததா? நிறுத்திய சுவிட்சை ஒரு கை திரும்பப் போட்டது என்பதே நேரான விளக்கம்.

எஞ்சினுக்கு அறிவில்லை, உயிரோடு அதை ஒப்பிடலாமா என்ற கேள்வியும் நியாயமானது. ஒப்புமை அங்கே முடிகிறது என்பதே என் வாதத்துக்குத் துணை. எங்கே பழுது என்று எஞ்சினால் கேட்க முடியாது, மனிதனால் முடியும். எஞ்சின் நின்றால் பழகியவர்கள் டிகோடரில் உள்ள எண்களை உடனே மாற்றப் போவதில்லை. அதே இடத்தில் இன்னொரு எஞ்சினை வைத்துப் பார்ப்பார்கள். அதுவும் நின்றால் பழுது பாதையில். லயத்தில் ஒரு காம்பராவில் (அறையில்) மட்டும் கஷ்டம் என்றால் தலையெழுத்தைப் பற்றிப் பேசலாம். அடுத்த காம்பராவிலும், அதற்கடுத்ததிலும் அதுவே என்றால் தலையைத் தடவிப் பார்ப்பதை விட்டுத் தண்டவாளத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.