விடைபெறும் உரிமையும் பார்வையாளர் ஆசனமும்

விளையாட்டு வீரன் ஒருவன் எப்பொழுது களத்தை விட்டு நீங்குதல் வேண்டும்? இவ்வினாவிற்கு விடை கூறுவதில் வீரனைக் காட்டிலும் பார்வையாளனே முந்திக்கொள்கின்றான். இரண்டு ஆட்டங்களில் ஓட்டம் குறைந்துவிடின், 'இனி இவர் இளைப்பாற வேண்டியதுதான்' எனத் தேநீர்க் கடையிலும் தீர்ப்பு வழங்கப்படுகின்றது. பல்கலைக்கழக விடுதியிலும் வழங்கப்படுகின்றது. அத்தீர்ப்புச் சரியா, பிழையா என்பதற்கு முன்னர், அதனை வழங்கும் உரிமை பார்வையாளனுக்கு எவ்வாறு வந்தது என்பதே ஆராயத்தக்கது.

ஆசனத்திற்குக் கொடுத்த விலையால் வந்ததென்பர் சிலர். இவ்வாதம் நெடுந்தூரம் செல்லாது. நுழைவுச்சீட்டு அன்றைய ஆட்டத்தைக் காணும் உரிமையை மட்டுமே தருவது. ஆடுவோனின் ஆண்டுகளை அது விற்பதில்லை. எனினும், அணியிலுள்ள இடம் வீரனின் தனியுடைமையும் அன்று. 1994இல் அகமதாபாத்தில் கபில்தேவ் தமது 432ஆவது இலக்கை வீழ்த்தி, ரிச்சர்ட் ஹாட்லியின் சாதனையைக் கடந்தார். அச்சாதனைக்காகவே அவர் அணியில் நீடித்தாரென்றும், சிறிநாத் போன்ற இளையோர் வெளியே காத்திருக்க நேர்ந்ததென்றும் குறை கூறப்பட்டது. அக்குறையை வெறும் பொறாமையெனத் தள்ளிவிட இயலாது.

இதற்கு மாறான காட்சியை 2010 யூலையிற் காலி மைதானம் கண்டது. முத்தையா முரளிதரன் 792 இலக்குகளோடு நின்றவேளையில், இந்தியாவுக்கு எதிரான அந்த ஆட்டமே தமது இறுதி டெஸ்ட் என முன்னரே அறிவித்துவிட்டார். எட்டு இலக்குகள் கிட்டாவிடினும் போவதென்பது முடிவு. அவை கிட்டின, எண்ணூறு நிறைந்தது. ஆனால், அவ்விடைபெறலின் பெருமை எண்ணூறில் இல்லை. எண்ணூறு உறுதியாகுமுன் முடிவெடுத்ததிலேயே உள்ளது. 1948இல் ஓவல் மைதானத்திற் பிராட்மன் தமது இறுதி இன்னிங்சில் ஓட்டமின்றி ஆட்டமிழந்தார். நான்கு ஓட்டங்கள் பெற்றிருப்பின் அவரது சராசரி நூறாகியிருக்கும், 99.94இல் நின்றது. அதனால் அவ்வாழ்வு குறைவுற்றதென எவரும் கருதுவதில்லை.

எனவே, இரண்டு உரிமைகளை வேறுபடுத்தி நோக்குதல் தகும். அணியிலுள்ள இடம் பொதுவுக்குரியது; அதிலிருந்து ஒருவரை நீக்கத் தெரிவாளருக்கு உரிமையுண்டு. ஆட்டத்தின் முடிவோ ஆடியவருக்கே உரியது. அதனை அவருக்காக அறிவிக்க எவருக்கும் உரிமையில்லை.

இங்கு ஆசனம் பற்றிய சிந்தனை எழுகின்றது. பெருநகர அரங்குகளிற் பணத்திற்கேற்ப நிழலும் வெயிலும் பங்கிடப்படுகின்றன. களத்திலிருந்து உயர்ந்தும் விலகியும் இருப்பவனுக்கு வீரன் வெறும் புள்ளிவிபரமாகிவிடுதல் எளிது. எமது கரையோர ஊர்களின் மைதானங்களில் நிலை வேறு. எல்லைக்கோட்டின் ஓரமே ஆசனம். நேற்று ஆடியவர் இன்று அங்கே அமர்ந்து, நாளை ஆடப்போகும் சிறுவனுக்கு ஆட்டத்தின் நுணுக்கத்தைக் கூறுகின்றார். அங்கே இளைப்பாறல் மறைந்துபோதல் அன்று. கோட்டின் உட்புறத்திலிருந்து வெளிப்புறத்திற்கு இடம் மாறுதலே. ஆயின், இடம் மாறுவதற்கும் ஓர் இடம் வேண்டுமல்லவா?

மயிலிட்டியின் வரலாறு இவ்வினாவையே எழுப்புகின்றது. கடற்றொழிலாற் செழித்திருந்த அவ்வூர் 1990 யூனில் முற்றாக இடம்பெயர்ந்தது. பின்னர் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கியது. 2017 யூலையிலேயே துறைமுகமும் அதனை அண்டிய நிலமும் விடுவிக்கப்பட்டன. ஊரின் ஏனைய பகுதிகளுக்காக மக்கள் மேலும் காத்திருக்க நேர்ந்தது. 1990இல் இருபது வயதினனாய்ப் பந்து உதைத்த ஒருவனுக்கு 2017இல் நாற்பத்தேழு வயது. அவன் எப்பொழுது இளைப்பாறினான்? தெரிவாளர் அவனை நீக்கவில்லை, பார்வையாளர் சலிப்புறவில்லை, உடலும் தளர்ந்திருக்கவில்லை. கபில்தேவ் நீடித்ததையும் முரளிதரன் நீங்கியதையும் நாம் விவாதிக்க முடிவது, முடிவெடுக்கும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்தமையாலன்றோ? காலந்தாழ்த்தி விடைபெறுதல் குறையாயிருக்கலாம். விடைபெறும் வாய்ப்பே பறிக்கப்படுதல் அநீதி.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் உருவாகி, 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலிற் பொற்பதக்கம் வென்ற எதிர்வீரசிங்கம் பின்னர் கல்வியாளராகத் திகழ்ந்தார். பாய்தல் நின்றபின்னும் வாழ்வு நீளுமென்பதற்கு அவர் சான்று. அத்தகைய இரண்டாம் வாழ்வு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வாய்க்காதவர்க்கு ஊர் செய்யக்கூடியது ஒன்றுண்டு.

மீளக் குடியேறிய ஊர்களில் மைதானங்கள் திருத்தப்படும்பொழுது, பிரதம விருந்தினருக்கான பந்தலும் மெத்தை நாற்காலிகளுமே முதலில் நினைவுக்கு வருகின்றன. அந்நிழலின் முன்வரிசை, விடைபெறாமலே ஆட்டத்தை இழந்தோருக்கு ஒதுக்கப்படுதல் வேண்டும். இழந்த ஆண்டுகளை அது மீட்டுத் தராது. ஆயினும், 'நீங்கள் ஆடியதை இவ்வூர் அறியும்' என்று அந்த ஆசனம் கூறும். வீரன் எப்பொழுது போகவேண்டுமெனத் தீர்ப்புக் கூறும் சமூகம், போனவன் எங்கே அமர்வான் என்பதற்கும் பொறுப்புடையது.